பலமு

பதினோரு மாதம் வெலிக்கடைச் சிறையில் கிடந்தவன் என்பதால்
எனக்குச் சிங்களம் தெரியும் என்று
தங்கச்சிமடம் நம்புகிறது.

எனக்குத் தெரிந்தது கம்பிக்கு உள்ளே புழங்குகிற சிங்களம்.
பத் என்றால் சோறு.
போலிம என்றால் வரிசை.
ஹெட்ட என்றால் நாளை,
அதாவது நாளை இல்லை.
இந்த மூன்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு
ஒரு ஜனாதிபதி வேட்பாளரை
நான் தமிழில் கரை இறக்க வேண்டும்.

டோக்கன் கிடைக்காத நாள்.
சீனி இபுராகிமின் ஐஸ் கம்பெனி ஆபீசில்
பதினாறு பேர், ஒரு டிவி,
அதில் வயர் மாட்டிய என் மருமகன் போன்.
கொழும்பிலிருந்து நேரலை.
சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் நொறுக்கும் எந்திரம்
ஓடும்போதெல்லாம் வேட்பாளர் வாயை மட்டும் அசைக்கிறார்.
அதையும் மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்கிறவள் ஒல்லி.
பேனாவை மூடியோடு பிடித்திருக்கிறாள்.
விதேஷ பிரதிபத்தி, என்று ஆரம்பித்தாள்.
"வெளிநாட்டுக் கொள்கை" என்றேன்.
"நம்மளத்தான் சொல்றாக" என்றார் சேசுராசு.
சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்ததுபோல,
தான் ஒரு வெளிநாடு என்று,
வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

துறைமுகத்தை எத்தனை வருசத்துக்கு எழுதிக் கொடுப்பீர்கள்?
சிரித்தார்.
இந்தப் பெரிய நாட்டுக் கப்பல் வந்தால்
அந்தப் பெரிய நாடு முறைக்குமே, அப்போது?
எல்லாரும் நண்பர்கள் என்றார்.
கடன்?
விரல்களைக் கோத்தார், பிரித்தார்,
ஒரு ராசாவும் குரங்கும் வருகிற கதையைத் தொடங்கினார்.
கதை முடியுமுன்னே கேள்வி செத்து மிதந்தது.

கச்சான் காற்றில் அலைக்கு விலாவைக் காட்டக் கூடாது,
அணியத்தைக் காட்டணும்.
இந்த மனுசனுக்கு விலாவே இல்லை.
எந்தப் பக்கம் அடித்தாலும் அணியம்.
"நல்ல டிரைவர்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.
பொறாமையாகத்தான் சொன்னான்.

அப்போது அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.
வடக்குக் கடல். இழுவைமடி. போட்டு. ஆட்கள்.
ஐஸ் எந்திரத்தை யாரோ போய் நிறுத்தினார்கள்.

சட்டம் இருக்கிறது, என்றார்.
நான் அதைக் கேட்கவில்லை, என்றாள்.
யாழ்ப்பாணத்தில் ராத்திரி போட்ட வலை
விடிகாலையில் நாராகக் கிடக்கிறதே,
அந்த மீனவனுக்கு என்ன பதில், என்று திருப்பிக் கேட்டார்.
இதை நான் தமிழில் சொல்லவில்லை.
அறுத்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தோம்.

அவள் விடவில்லை.
உள்ளே வைத்திருக்கிறவர்களை விடுவீர்களா?
ஆமா, இல்லை. ஒரு சொல் போதும்.

அவர் தண்ணீர்க் கிளாசை எடுத்தார்.
உதட்டில் வைத்தார்.
மட்டம் குறையவில்லை.
கீழே வைத்துவிட்டு
"பலமு" என்றார்.

எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல் அது.
காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் பலமு.
கடுதாசி வந்திருக்கிறதா? பலமு.
சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க அடுத்த அறைக்குப் போகும்.
பார்ப்போம் என்று அர்த்தம்.
யார், எதை, எப்போது என்பதெல்லாம்
அந்தச் சொல்லில் கிடையாது.

கதவோரம் ஜெனோவா நின்றாள்.
எப்போது வந்தாளோ.
அவள் புருசன் கிளாடினுக்கு
ஊர்காவற்றுறை கோர்ட்டில் ஐந்து வாய்தா முடிந்திருக்கிறது.

"அண்ணே, என்ன சொன்னாரு?"
"நல்லவிதமாத்தான் பேசுறாரு."
"அது சரி. விடுறேன்னு சொன்னாரா?"
"ரெண்டு கெவுர்மெண்டும் உக்காந்து…"
"நான் அதக் கேக்கல."

டிவியில் பிஸ்கட் விளம்பரம் ஓடியது.
பதினைந்து பேரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

"ஆமாவா, இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

மேசைமேல் சீனி இபுராகிம்
பாதி குடித்து வைத்த சோடா பாட்டில்.
எடுத்தேன்.
அது என் சோடா இல்லை.
எனக்குத் தாகமும் இல்லை.